கைக்கரப்பானும் இப்னு சீனாவின் ஏழு நிபந்தனைகளும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் உள்ள ஒரகடம், ஒரு தலைமுறைக்கு முன்வரை ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராகவே இருந்தது. 2010ஆம் ஆண்டில் ரெனோ-நிசான் கார் ஆலை அங்கே திறக்கப்பட்டதையொட்டி அதன் முகமே மாறிற்று. இன்று பல மாவட்டத்து இளைஞர்களும், வடநாட்டு இளைஞர்களும் அவ்வட்டாரத்தில் கைகளை நம்பிப் பிழைக்கின்றனர்.

ஆலைத் தொழில் பெருகும் இடமெங்கும் கைத்தோல் நோயொன்று உடன் வரக் காண்கிறோம். இரும்பைக் கடையும்போது பாய்ச்சும் கூலன்ட், பிசுக்கை நீக்கும் தின்னர், சிமெண்டிலுள்ள குரோமியம், காப்புக்கென அணியும் ரப்பர் கையுறை ஆகிய யாவும் அதற்குக் காரணமாகலாம். தோல் சிவந்து அரிக்கும். கொப்புளித்து நீர் கசியும். பின் வறண்டு வெடிக்கும். எக்ஸிமா என மருத்துவர்களும் கரப்பான் என நம் முன்னோரும் குறித்த இந்நோய் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாட்பட்டதாகக் கொள்வர். ஒப்பந்தக் கூலிக்காரனுக்குக் கை வெடித்தால் அன்றைய சோறும் வெடித்தது எனலாம்.

இத்தகையோர் நாடும் நாட்டு மருந்துகளுள் ஒன்று வெட்பாலைத் தைலம். வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயிலிட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறங்கொள்ளும். (முற்காலத்தில் தென்னாட்டார் இவ்விலையிலிருந்து நீலச்சாயமும் எடுத்தனர்.) காளாஞ்சகப்படைக்குச் சித்த மருத்துவர் பெரிதும் வழங்கும் இத்தைலத்தைக் கைக்கரப்பானுக்கும் பூசுகின்றனர். "பத்து நாள் பூசினேன், கை தேறிற்று" என்று ஒருவர் கூறினால், அக்கூற்றை எவ்வாறு எடை போடுவது?

இவ்வினா புதியதன்று. ஹிஜ்ரி 313இல் (கி.பி. 925) மறைந்த அபூபக்கர் அர்ராஸீ, 'ஸிர்ஸாம்' எனும் மூளைச்சவ்வு நோய் கண்டோரில் ஒரு சாராருக்குக் குருதி வடித்து, மறுசாராரை வேண்டுமென்றே வடிக்காது விட்டு, இருவர் நிலையையும் ஒப்பு நோக்கினார். அவருக்குப் பின் வந்த இப்னு சீனா (கி.பி. 980-1037), தம் 'அல்கானூன்' நூலின் இரண்டாம் பாகத்தில், மருந்தின் குணத்தை அறிய கியாஸ், தஜ்ரிபா என இரு வழிகளைக் கூறுகிறார். கியாஸ் எனும் ஒப்புநோக்கி ஊகித்தல், சட்டக்கலை கற்றோர் நன்கறிந்த சொல். தஜ்ரிபா சோதனை. அச்சோதனைக்கு அவர் ஏழு நிபந்தனைகளை விதித்தார்.

முதலாவது, மருந்தில் வெளியிலிருந்து வந்து சேர்ந்த குணம் ஏதும் இருத்தலாகாது. தண்ணீர் இயல்பில் குளிர்ச்சியானது. சுட வைத்தால், சூடு தணியும்வரை அதுவும் உடலைச் சூடாக்கும் என்பது அவர் காட்டும் எடுத்துக்காட்டு. இதன் அருமையை 1999இல் இலண்டன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வொன்று உணர்த்தும். தோல் நோய்க்குச் சீன மூலிகைக் களிம்பெனத் தரப்பட்ட பதினொன்றைப் பகுத்தாராய்ந்தபோது, எட்டில் டெக்ஸாமெதசோன் எனும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்தது. நோயாளிகள் வியந்து போற்றியது மூலிகையை. அரிப்பைத் தணிக்கும் ஆற்றலுடையதோ அந்த ஸ்டீராய்டு! பெயரற்ற டப்பாவில் விற்கும் எந்தக் களிம்பையும் இக்கண்கொண்டே நாம் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சோதிக்கும் நோய் கலப்பற்ற ஒரே நோயாயிருத்தல். உள்ளங்கையில் படரும் படர்தாமரை, பார்வைக்குக் கரப்பான் போலவே தோன்றுவதுண்டு. எதிரெதிர் நோய்களில் சோதித்தல், நோயின் வலிமைக்கேற்ற மருந்து என்பன மூன்றும் நான்கும். ஐந்தாவதே நம் வினாவுக்கு நேர்விடை தருவது. மருந்து செயற்படும் காலத்தைக் கவனித்து, பயன் அதன் இயல்பால் விளைந்ததா, தற்செயலாக வந்ததா எனப் பிரித்தறிய வேண்டும். அரபியில் 'பித்தாத்', 'பில்அரள்' என்பர்.

ஒரகடத்துத் தொழிலாளி பெருநாளுக்கோ பொங்கலுக்கோ பத்து நாள் ஊர் செல்கிறான். அங்கே தைலம் பூசுகிறான். அதே பத்து நாளும் கூலன்ட் அவன் கையில் படவில்லை. கை தேறியது தைலத்தாலா, விடுப்பாலா? பணிக்குத் திரும்பியதும் நோயும் திரும்பினால், தைலத்தின் மீதும் பழி சொல்ல இயலாது.

இதற்கு வழி நோயாளியிடமே உண்டு. இறைவன் அவனுக்கு இரு கைகளைத் தந்திருக்கிறான்! இரண்டும் ஒத்த அளவில் நோயுற்றிருப்பின், ஒன்றில் தைலமும் மற்றதில் வெறும் தேங்காய் எண்ணெயும் பூசி, இரண்டையும் ஒரே வேலையில் வைத்துப் பார்க்கலாம். தேங்காய் எண்ணெயை ஒப்புக்கு வைப்பது வீண்வேலையன்று. பிலிப்பைன்ஸில் கரப்பானுற்ற குழந்தைகளிடம் நடந்த சோதனையில் அது கனிம எண்ணெயைவிட மேலான பயன் தந்தது. ஆகவே தைலத்தின் புகழில் எண்ணெயின் பங்கு எவ்வளவென்று முதலில் கழித்தாக வேண்டும். இங்கு ஓர் இடர்: ஊதா நிறம் எது மருந்தென்று காட்டிக் கொடுத்துவிடும். வெறும் எண்ணெய்க்கும், தீங்கற்ற சாயத்தால் அதே நிறமூட்டினாலன்றி, நோயாளியும் மருத்துவரும் நடுநிலை காத்தல் அரிது.

ஆறாவது, பயன் ஒருமுறையன்றிப் பலரிடம் மீண்டும் மீண்டும் தென்படுதல். இதற்குத் தனி ஒருவரின் வாய்மொழி போதாது, நிறுவனங்கள் வேண்டும். ஒரகடத்துக்கு எட்டும் தொலைவில், தாம்பரம் சானடோரியத்தில், 2005இல் தொடங்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. நூறு கைகளைக் கணக்கில் எழுதிப் பார்க்க அத்தகைய இடமே தக்கது.

ஏழாவது, சோதனை மனித உடலில் நடத்தல். சிங்கத்திடமோ குதிரையிடமோ கண்ட பயன் மனிதனுக்கும் உண்டெனச் சான்றாகாது என்கிறார் இப்னு சீனா. கூலன்டில் தோய்ந்த கை மனிதனுக்கு மட்டுமே உண்டென்பதால், ஒரகடத்தில் இந்நிபந்தனை தானே நிறைவேறிவிடுகிறது.