திருவல்லிக்கேணிக்கு வந்த கடிதம்

சிகாகோ என்றதும் நம் நாட்டார் நினைவில் எழுவது ஒரு சொற்பொழிவு. 1893 செப்டம்பர் 11 அன்று, அந்நகரின் உலகக் கொலம்பியக் கண்காட்சியையொட்டிக் கூடிய சமயப் பேரவையில் விவேகானந்தர் ஆற்றிய உரை. பாடநூலில் உண்டு, மேடைதோறும் முழங்குகிறது. ஆனால், கண்காட்சி நகரை அடையுமுன் ஜப்பானில் கழித்த சில நாட்களில் அவர் கண்டதென்ன, எண்ணியதென்ன? அதைப் பேசுவோர் அரியர். நாம் பேசுவோம். ஏனெனில், அவ்வெண்ணம் கடிதமாக வந்து சேர்ந்தது நம் சென்னைக்கு!

அவரை அனுப்பப் பொருள் திரட்டியவர்களில் முதல்வர் அளசிங்கப் பெருமாள். திருவல்லிக்கேணிவாசி; பச்சையப்பன் பள்ளி ஆசிரியர்; அன்று முப்பது வயதும் நிரம்பாதவர். வீடு வீடாகச் சென்று நன்கொடை தண்டினார். 1893 மே 31 அன்று பம்பாயில் கப்பல் புறப்பட்டது. கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங் கடந்து நாகசாகி வந்தார் விவேகானந்தர். உள்நாட்டைக் காண விரும்பிக் கோபேயில் கப்பலை விட்டிறங்கினார். தரைவழியே ஒசாகா, கியோட்டோ, டோக்கியோ நகரங்களைப் பார்த்து, யோகோகாமா சேர்ந்தார். ஜூலை 10 அன்று அங்கிருந்து அளசிங்கருக்கும் சென்னை நண்பர்கட்கும் எழுதினார்.

என்ன எழுதினார்? தெருக்களின் தூய்மையை வியந்தார். தீக்குச்சித் தொழிற்சாலைகளை வியந்தார். அந்நாட்டுப் படை அதிகாரி உருவாக்கிய துப்பாக்கி, அந்நாட்டுப் பொறியாளர் குடைந்த நெடிய சுரங்கவழி, வேண்டிய அனைத்தையும் தாமே செய்துகொள்ளும் துடிப்பு, அத்துடிப்புப் பூசாரிகளையும் பற்றியிருத்தல் — யாவும் அவர் கருத்தைக் கவர்ந்தன.

அடுத்து, பார்வை நம் பக்கம் திரும்புகிறது. சாடல் தொடங்குகிறது! எவ்வுணவைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்று நூற்றாண்டுக் கணக்கில் வாதாடுவோரை எள்ளுகிறார். கடற்கரையில் ஏடேந்தி உலாவி, ஐரோப்பியர் கருத்தைச் செரிக்காமல் ஒப்பிக்கும் இளைஞரைக் கடிகிறார். முப்பது ரூபாய்க் குமாஸ்தா வேலை, மிஞ்சினால் வக்கீல் தொழில் — இதுதானா இலட்சியம் என்று குத்துகிறார். முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கும் புரோகிதரை விரட்டச் சொல்கிறார். பகுத்தறிவு மேடையில் பேசியதன்று இது, தோழர்களே! காவியுடுத்தியவர், வைணவ ஆசிரியருக்கும் அவர்தம் நண்பருக்கும் வரைந்தது!

பின் ஏன் உரை ஊரெங்கும் ஒலிக்க, கடிதம் தொகுப்பு நூலில் உறங்குகிறது? உரை நம் பழமையை உலகின்முன் உயர்த்தியது; கடிதம் அப்பழமையை நம்மிடமே இடித்துரைத்தது. புகழுரை இனித்தது, இடித்துரை கசந்தது.

எனினும், கடிதத்தோடு நின்றுவிட நாம் ஒப்போம். நாட்டுக்கு உழைக்க ஆயிரம் இளைஞரின் தியாகம் வேண்டுமென்றார் அவர். தியாகம் வேண்டும்தான். ஆனால் ஜப்பானை உயர்த்தியது தியாகம் மட்டுமா? 1868இல் ஆட்சி மாறியது. 1871இல், இழிகுலத்தார் என ஒதுக்கப்பட்டோரின் தாழ்நிலை ஆணையால் நீக்கப்பட்டது. 1872இல், ஆணும் பெண்ணும் தொடக்கக் கல்வி பெறவேண்டுமென்று ஆணை பிறந்தது. கட்டணச் சுமை பொறாத உழவர் சில பள்ளிகளைக் கொளுத்தவும் செய்தனர். அரசு பின்வாங்கவில்லை, 1900இல் கட்டணத்தை நீக்கியது. அவர் கண்ட தொழிற்சாலைகளுக்குப் பின்னால் நின்றது பள்ளிக்கூடம்!

இங்கோ? 1911இல் கோகலே கொணர்ந்த கட்டாயக் கல்வி மசோதா, 1912இல் 13க்கு எதிராக 38 வாக்குகளால் வீழ்த்தப்பட்டது. கல்வியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010இல். இடையே எத்தனை தலைமுறைகள் எழுத்தறியாது மாண்டன!

ஜப்பானைக் கோயிலாக்கிக் கும்பிடவும் வேண்டா. 1910இல் கொரியாவை விழுங்கிய நாடு அது. 1871 ஆணைக்குப் பின்னும் இழிவு தொடர்ந்ததால், ஒடுக்கப்பட்டோர் 1922இல் சமத்துவச் சங்கம் அமைத்துப் போராட நேர்ந்தது. சட்டம் கதவைத் திறக்கும். மனத்தைத் திறக்க இயக்கம் வேண்டும் என்பதற்கு அதுவே சான்று.

திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ்ஹவுஸ் நிற்கிறது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கிய மாளிகை. இன்று அவர் பெயராலேயே இல்லமாக விளங்குகிறது. அதைக் காணச் செல்லும் இளைஞர்காள்! சிகாகோ உரையைப் படித்த கையோடு யோகோகாமாக் கடிதத்தையும் படியுங்கள். அதே கடற்கரையில் ஏடேந்தி உலாவுகிறோம் நாம். ஏட்டில் கற்றது தெருவில் தீண்டாமையை எதிர்த்து எழுகிறதா? நம் பள்ளியை விட்டு நின்ற சிறுவனைத் தேடிச் செல்கிறதா? கடிதத்துக்கு நாம் எழுதவேண்டிய பதில் அதுவே!