பயிர்ச் சேதத்துக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000: பேரிடர் நிவாரணம் கணக்கிடப்படுவது எப்படி?

புதுடெல்லி: சட்லஜ், பியாஸ், ராவி ஆறுகளில் 2025 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் பஞ்சாபின் 23 மாவட்டங்களும் பேரிடர் பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. நீரில் மூழ்கிய பயிருக்கு ஏக்கருக்கு ரூ.20,000 வழங்கப்படும் என்று மாநில முதல்வர் பகவந்த் மான் அறிவித்தார். மத்திய அரசின் விதிமுறைப்படி இதில் கிடைக்கக்கூடியது ஏக்கருக்கு ரூ.7,000-க்கும் குறைவு. எஞ்சிய தொகை மாநில அரசின் சொந்தப் பொறுப்பு.

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் கீழ் ஒவ்வொரு மாநிலத்துக்கும் பேரிடர் நிவாரண நிதி உள்ளது. அதில் 75 சதவீதத்தை மத்திய அரசு அளிக்கிறது. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90 சதவீதம். கடும் பேரிடரில் அந்த நிதி போதாதபோது, மத்தியக் குழுவின் ஆய்வுக்குப் பின் தேசிய பேரிடர் நிவாரண நிதியிலிருந்து உதவி வழங்கப்படுகிறது.

2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு வகுக்கப்பட்ட விதிமுறைப்படி, மானாவாரி நிலத்துக்கு ஹெக்டேருக்கு ரூ.8,500, பாசன நிலத்துக்கு ரூ.17,000, பல்லாண்டுப் பயிருக்கு ரூ.22,500 வழங்கலாம். இதற்குச் சூட்டப்பட்டுள்ள பெயர் ‘இடுபொருள் மானியம்’. அதாவது, இது அழிந்த விளைச்சலின் விலை அல்ல. மீண்டும் விதைப்பதற்கான கைகொடுப்பு மட்டுமே.

சேதம் 33 சதவீதத்தை எட்டியிருக்க வேண்டும். 2015 வரை இந்த வரம்பு 50 சதவீதமாக இருந்தது. சேதம் 32 சதவீதம் எனப் பதிவானால் எதுவும் கிடைக்காது. ஒரு விவசாயிக்கு அதிகபட்சம் 2 ஹெக்டேர் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும் என்பதால், 5 ஹெக்டேர் பாசன நெல்லை முற்றிலும் இழந்தவருக்கும் ரூ.34,000-தான்.

கால்நடைகளுக்கும் உச்சவரம்பு உண்டு. பசு அல்லது எருமை ஒன்றுக்கு ரூ.37,500 வீதம் 3 கறவை மாடுகள் வரையிலும், ஆடு ஒன்றுக்கு ரூ.4,000 வீதம் 30 ஆடுகள் வரையிலும் வழங்கப்படும். நன்கு பால் கறக்கும் முர்ரா எருமையின் சந்தை விலை ஒரு லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். இறப்புக்கு அதிகாரியின் சான்றும் தேவை; வெள்ளம் அடித்துச் சென்ற மாட்டுக்கு அதைப் பெறுவது எளிதன்று.

சேத அளவை வருவாய்த்துறையினரே கணக்கிடுகின்றனர். பஞ்சாபில் ‘கிர்தாவரி’ எனப்படும் இந்தக் கள ஆய்வின் அடிப்படையிலேயே தொகை முடிவாகிறது. வாய்மொழிக் குத்தகையில் உழுபவர் பெயர் பெரும்பாலும் பதிவேட்டில் இருப்பதில்லை. விதைக்குச் செலவழித்தவர் ஒருவராகவும் நிவாரணம் பெறுபவர் மற்றொருவராகவும் அமைவது இதனால்தான்.

வேறு மாநிலங்களில் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் ஓரளவு ஈடுகட்டும். பஞ்சாப் அத்திட்டத்தில் சேரவில்லை என்பதால், அங்கு அரசு நிவாரணமே பெரும்பாலான விவசாயிகளுக்கு ஒரே வழி.

வெள்ளம் வடிந்த வயல்களில் மணல் படிந்து கிடந்தது அடுத்த சிக்கல். 3 அங்குலத்துக்கு மேல் மண் படிந்திருந்தால், அதை அகற்ற ஹெக்டேருக்கு ரூ.18,000 வழங்க விதி இடமளிக்கிறது. தங்கள் வயலில் படிந்த மணலை விவசாயிகளே அள்ளி விற்கவும் பஞ்சாப் அரசு அனுமதித்தது. நவம்பரில் கோதுமை விதைக்க வேண்டுமானால், அதற்குள் நிலம் சீராகியிருக்க வேண்டும்.