வாசற்படியில் எத்தனை நேரம்?

ஒரு வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறோம். "யார் அது?" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. பெயரைச் சொல்வதற்குள் இருமல் வந்துவிடுகிறது. வீட்டுக்காரர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்? மனிதராயிருந்தால் அதற்குக் கணக்கு ஏது? முகத்தைப் பார்ப்பார், வயதைப் பார்ப்பார், வெளியில் மழை பெய்கிறதா என்று பார்ப்பார். கம்ப்யூட்டர் என்னும் யந்திரத்துக்கு இந்தத் தாட்சண்யமெல்லாம் கிடையாது. பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கிறதே, அந்த முதல் திரை எத்தனை நேரம் விழித்திருக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே தீர்மானித்து, அதை ஓர் எண்ணாக உள்ளே எழுதி வைத்துவிட்டார். அந்த எண் தீர்ந்ததும் திரை கண்ணை மூடிக்கொள்ளும். அல்லது கதவையே சாத்திவிடும்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. ராஜாவும் ராணியும் வராத சரித்திரந்தான். ஆனாலும் சுவாரசியத்துக்குக் குறைவில்லை.

1960-ஐ ஒட்டிய காலத்தில் கம்ப்யூட்டர் என்பது ஒரு பெரிய கூடத்தை அடைத்துக்கொண்டு நின்ற பொருள். அதனிடம் வேலை வாங்க வேண்டுமானால் துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கொண்டுபோய்ச் சிப்பந்தியிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும். விடை மறுநாள் கிடைத்தாலும் கிடைக்கும். ஓர் அட்டையில் ஒரு புள்ளி தவறியிருந்தால் அந்த விடையும் கிடையாது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த பெர்னாண்டோ கார்பட்டோ என்பவருக்கு இந்தக் காத்திருப்பு பொறுக்கவில்லை. ஒரே யந்திரத்தைப் பலர் ஒரே சமயத்தில் பங்கு போட்டுக்கொள்ளும் ஓர் ஏற்பாட்டை அவரும் அவருடைய தோழர்களும் உண்டாக்கி, 1961 நவம்பரில் செய்து காட்டினார்கள். யந்திரம் இவருக்கு ஒரு கண நேரம், அவருக்கு ஒரு கண நேரம் என்று சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொருவரும் அது தமக்கே சொந்தம் என்று எண்ணிக்கொள்ளலாம். பந்தியில் சாம்பார் வாளியுடன் விரைகிறவர் எல்லா இலையையும் கவனித்துக்கொள்வதைப் போலத்தான்.

பங்கு என்று வந்தால் வழக்கும் வரும் அல்லவா? இன்னாருடைய கோப்பு இன்னாருக்கு என்று பிரிக்க வேண்டியிருந்தது. இன்னாருக்கு இத்தனை நேரம் என்று அளக்கவும் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் வாசலில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் வழக்கம் அங்கே ஏற்பட்டது.

ஏற்பட்ட சூட்டோடு அதை உடைக்கவும் ஆள் கிளம்பிவிட்டது! ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரந்தான் அளந்திருந்தார்கள். அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிக்கு அது போதவில்லை. 1962-ஆம் வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தரும்படி யந்திரத்துக்கே ஓர் அட்டை மூலம் உத்தரவு போட்டார். சனிக்கிழமை காலையில் போனார். அச்சிட்ட தாள் வைக்க வேண்டிய இடத்தில் பத்திரமாக இருந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பிறருடைய நேரத்தில் தம் வேலை நடந்தது. பல காலம் கழித்து இதை அவரே ஒப்புக்கொண்டார். கடவுச்சொல் திருட்டுகளிலேயே மிகப் பழையது இதுதான் என்று சொல்கிறார்கள். அவர் திருடியது பணத்தை அல்ல, பிறருடைய ரகசியத்தையும் அல்ல, கொஞ்சம் நேரத்தை. எனக்கென்னவோ அவரிடம் கோபம் வரவில்லை.

தொலைபேசிக் கம்பி வழியாகத் தூரத்திலிருந்தும் யந்திரத்தை அணுகலாம் என்று ஆனதும் வேறொரு சங்கடம் முளைத்தது. கம்பிகள் சில, ஆட்கள் பலர். ஒருவர் கூப்பிட்டு இணைப்பைப் பெற்றுக்கொண்டு, பெயரைச் சொல்லாமல் சும்மா இருந்தால் அடுத்தவருக்கு வழி இல்லை. ஆகவே, குறித்த நேரத்துக்குள் பெயரையும் சொல்லையும் தராதவரை வெளியேற்றுவது என்று விதி செய்தார்கள். லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் பழைய எழுத்துத் திரையில் இன்றும் அந்த விதி உயிரோடு இருக்கிறது. வழக்கமான கெடு 60 வினாடி. தாண்டினால் நேரம் தீர்ந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கதவைச் சாத்திவிடும்.

தூரத்து யந்திரத்துக்குள் பத்திரமாக நுழைய 1995-ல் பின்லாந்துக்காரரான டாட்டு இலோனென் வகுத்த எஸ்.எஸ்.எச். முறைக்கும் இப்படி ஒரு கெடு உண்டு. இன்று பெரும்பாலோர் கையாளும் ஓப்பன் எஸ்.எஸ்.எச். மென்பொருளில் அது 120 வினாடி. இதைப் பற்றி ஒரு விந்தையைச் சொல்லியே ஆக வேண்டும். 2024 ஜூலையில் ஒரு செய்தி வெளிவந்தது. கெடு தீர்ந்து யந்திரம் கதவைச் சாத்துகிறதே, அந்தச் சாத்துகிற கணத்திலேயே ஓர் ஓட்டை இருக்கிறதாம்! சமயம் பார்த்துப் பல்லாயிரம் தடவை தட்டினால் உள்ளே புகுந்து வீட்டையே கைப்பற்றிவிடலாமாம். 2006-ல் அடைத்த ஓட்டைதான். 2020-ல் செய்த ஒரு மாற்றத்தால் மறுபடி திறந்துகொண்டது. உடனே பழுது பார்க்க முடியாதவர்களுக்கு ஒரு தற்காலிகப் பரிகாரமும் சொன்னார்கள்: 120 என்று இருக்கிற இடத்தில் பூஜ்யத்தைப் போடு. அதாவது கெடுவே வேண்டாம், எத்தனை நேரமானாலும் நிற்கட்டும் என்பது. அப்படிச் செய்தாலோ, வேலையற்றவர்கள் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்று உண்மையான விருந்தாளியை வரவிடாமல் செய்யலாம்! கெடு எதற்காகப் பிறந்ததோ, அந்தப் பழைய சங்கடத்துக்கே திரும்பிப் போன கதை.

நிற்க. கதவு சாத்துவதை விட்டுத் திரை கண் மூடுவதற்கு வருவோம். அதன் காரணம் வேறு.

பழைய காலத்துத் திரை கனத்த கண்ணாடிக் குழாய். உட்புறத்தில் பூசிய பாஸ்பரப் பூச்சின்மேல் எலெக்ட்ரான் கற்றை வந்து மோதும்போது ஒளி உண்டாகும். ஒரே எழுத்து ஒரே இடத்தில் மாதக்கணக்கில் ஒளிர்ந்துகொண்டிருந்தால் அந்த இடத்துப் பூச்சு தேய்ந்துபோகும். அப்புறம் யந்திரத்தை அணைத்தாலும் அந்த எழுத்து ஆவிபோல் மங்கலாகத் தெரியும். உள்நுழைவுத் திரைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். ஆள் இல்லாத இரவெல்லாம் அது ஒரே கேள்வியை ஒரே இடத்தில் கேட்டுக்கொண்டு நிற்கிறது பாருங்கள்!

ஜான் சோஷா என்பவர் இதற்கு ஓர் உபாயம் செய்தார். ஐ.பி.எம். நிறுவனத்தின் சிறு கம்ப்யூட்டருக்காக அவர் எழுதிய ஒரு நிரலை 'சாஃப்டாக்' என்ற பத்திரிகை 1983 டிசம்பரில் வெளியிட்டது. 3 நிமிஷம் யாரும் விசையைத் தொடாவிட்டால் திரை இருண்டுவிடும். தொட்டால் வெளிச்சம் வரும். அவ்வளவுதான். ஆனால் 3 நிமிஷம் போதவில்லை, 5 ஆக்க வேண்டும் என்று ஒருவர் விரும்பினால்? நிரலையே திருத்தி மறுபடி தொகுக்க வேண்டும். வேறு வழி இல்லை. கடிகாரத்தில் மணியை மாற்றக் கொல்லனைக் கூப்பிடுவதுபோல் இருந்தது காரியம்.

பிறகு மின்சாரச் சிக்கனம் வந்து சேர்ந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1992-ல் 'எனர்ஜி ஸ்டார்' என்ற முத்திரையைத் தொடங்கியபோது, முதலில் அதைப் பெற்ற பொருள்கள் கம்ப்யூட்டர்களும் அவற்றின் திரைகளுமே. சும்மா இருக்கும்போது திரை தூங்க வேண்டும் என்பது ஒரு நற்குணமாயிற்று. கண்ணாடிக் குழாய்கள் போய்த் தட்டைத் திரைகள் வந்துவிட்டன; தேய்மானப் பயம் பெரும்பாலும் நீங்கிற்று. தூங்கும் வழக்கம் மட்டும் நீங்கவில்லை.

இங்கேதான் சாமானியர்களைத் தவிக்க வைக்கும் விசித்திரம் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் திரை அரை மணி நேரம் அணையக் கூடாது என்று ஒருவர் ஏற்பாடு செய்கிறார். வேலை செய்யும்போது அந்த ஏற்பாட்டுக்குப் பங்கமில்லை. ஆனால் யந்திரத்தைப் பூட்டிவிட்டால், உள்நுழைவுத் திரை 1 நிமிஷத்தில் இருண்டு போகிறது. என்ன அநியாயம்! காரணம், பூட்டிய திரைக்குத் தனியாக ஒரு கெடு உண்டு. வழக்கமாக அது 60 வினாடி. மின்சார ஏற்பாடுகளின் பட்டியலில் அது கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து வைக்கப்பட்டிருக்கும். பதிவேட்டுக்குள் நுழைந்து ஓர் எண்ணை 1-லிருந்து 2 ஆக மாற்றினால்தான் பட்டியலில் தலை காட்டும். அதற்குப் பிறகே நிமிஷத்தைக் கூட்டலாம். பழைய விண்டோஸ்களிலும் ஏறக்குறைய இதே கதைதான். யாரும் உள்ளே நுழையாதபோது தோன்றும் திரையின் கெடு, பெயரில்லாத ஒரு பொதுக் கணக்கின் கீழ் வினாடிக் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. யோசித்துப் பார்த்தால் நியாயந்தான். வாசலில் நிற்பவர் யார் என்று இன்னும் தெரியாதபோது, அவருடைய விருப்பம் என்னவென்று யந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

நியாயமாயிருக்கலாம், ஆனால் வாசலில் நிற்பவர் மெதுவாக நடக்கிறவராயிருந்தால்? கை நடுங்குகிறவர் இருக்கிறார். பார்வை இல்லாமல், திரையில் உள்ளதைச் செவியால் கேட்டு நடக்கிறவர் இருக்கிறார். எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் தேடி ஒற்றை விரலால் அழுத்தும் தாத்தா இருக்கிறார். 60 வினாடி என்பது கெட்டிக்கார வாலிபன் ஒருவன் தன் விரலை அளவாக வைத்துத் தைத்த சட்டை. எல்லாருக்கும் அது பொருந்துமா? இணையப் பக்கங்களுக்கு விதி வகுக்கும் உலகளாவிய குழு, 2008-ல் வெளியிட்ட தன் விதிகளில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் எழுதியது. கெடு வைத்தால், அதை நீக்கவோ, பத்து மடங்கு வரை கூட்டவோ வழி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நேரம் தீரும் முன்பே எச்சரித்து, குறைந்தது 20 வினாடி அவகாசம் தந்து, இடைவெளிக் கட்டையை அழுத்துவதுபோன்ற ஓர் எளிய செய்கையால் நீட்டிக்கொள்ள விட வேண்டும். ஏலம் போன்ற சில காரியங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. சட்டம் எழுதுகிறவர்கள் கை நடுங்குகிறவரையும் நினைத்து எழுதினார்கள் என்பது எனக்கு ஆறுதலாயிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இந்தக் கெடு வேறு விதமாக வதைக்கிறது. நோயாளியின் ரகசியத்தைக் காப்பதற்காக, ஆள் இல்லாத திரை தானே மூடிக்கொள்ள வேண்டும் என்கின்றன அமெரிக்க விதிகள். நல்ல விதிதான். ஆனால் டாக்டர் நோயாளியின் பக்கம் திரும்பி நாடி பார்த்துவிட்டு வருவதற்குள் திரை மூடிக்கொண்டால் மறுபடி பெயர், மறுபடி கடவுச்சொல். ராஸ் கோப்பல் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், மருத்துவர்களும் தாதிகளும் இதற்குச் செய்த தந்திரங்களை வரிசையாக எழுதியிருக்கிறார்கள். ஆள் அருகில் இருக்கிறாரா என்று கவனிக்கும் கருவியின்மேல் நுரைக் கோப்பையைக் கவிழ்த்துவிடுவது ஒன்று. யந்திரம் ஆள் இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கும். இன்னொன்று இதையும்விட எளிது. குழுவிலே ஆகச் சிறியவர் யாரோ, அவருக்கு ஒரு வேலை கொடுத்துவிடுவார்கள். மற்றவர்கள் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது, அவர் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய், இடைவெளிக் கட்டையை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.