மௌனப் படங்களில் அமெரிக்க உள்நாட்டுப் போர்த் துப்பாக்கிகள்

வட, தென் மாநிலங்கள் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–1865) முடிந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து, அதைக் கதைக்களமாகக் கொண்ட மௌனப் படங்கள் வரிசையாக வந்தன. அவற்றில் வீரர்கள் ஏந்தி நின்ற துப்பாக்கிகளில் பல, அந்தப் போரைக் கண்டவை அல்ல. போருக்குப் பின் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட ஸ்பிரிங்ஃபீல்டு 1873 என்ற துப்பாக்கிதான் பெரும்பாலும் அந்த வேடத்தில் நடித்தது. 'டிராப்டோர்' என்பது அதன் பட்டப்பெயர். குழலின் பின்புறம் பெட்டி மூடிபோல மேல்நோக்கித் திறப்பதால் வந்த பெயர் அது.

போரில் உண்மையாகப் பயன்பட்ட முதன்மைத் துப்பாக்கி ஸ்பிரிங்ஃபீல்டு 1861. குழலின் உள்விட்டம் 0.58 அங்குலம், குழல் நீளம் 40 அங்குலம். காகிதப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழலின் வாய்வழி கொட்டி, ரவையை வைத்து, இரும்புக் கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பிறகு பின்புறக் காம்பில் ஒரு சிறு செம்புக் குப்பியைச் செருக வேண்டும். நம் ஊர்த் தீபாவளிப் பொட்டுவெடியின் பெரியப்பா என்று அந்தக் குப்பியைச் சொல்லலாம். நன்கு பழகியவர் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவார். பழகாத துணை நடிகர்கள் நூற்றுக்கணக்கில் நிற்கும் படப்பிடிப்பில் இது நடக்கிற காரியமல்ல. அவசரத்தில் கோலைக் குழலுக்குள்ளேயே மறந்துவிட்டால், வெறும் மருந்தில் சுட்டாலும் அது அம்பாகப் பாயும்.

டிராப்டோரில் இந்தத் தொல்லை இல்லை. மூடியைத் திறந்து வெற்றுத் தோட்டாவைப் போட்டு மூடினால் போதும். தோற்றத்திலும் அது பழைய துப்பாக்கியை ஒத்திருந்தது. அதற்குக் காரணம் உண்டு. போர் முடிந்தபோது அரசிடம் லட்சக்கணக்கில் பழைய துப்பாக்கிகள் தேங்கிக் கிடந்தன. அவற்றின் குழலைப் பின்னால் வெட்டி, கீல் வைத்த மூடி பொருத்தும் முறையை ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையின் எர்ஸ்கின் ஆலின் 1865-இல் வகுத்தார். அந்த வழியில் வளர்ந்ததே 1873 மாதிரி. பக்கவாட்டில் பெரிய சுத்தி, நீண்ட மரக்கட்டை, அடியில் கோல் என உருவம் அப்படியே தங்கிவிட்டது. நடுத்தொலைவில் வைத்த கேமராவுக்கு வேறுபாடு பிடிபடாது.

விலையும் ஒத்துழைத்தது. 1892-இல் ராணுவத்துக்குப் புதிதாகக் கிராக் துப்பாக்கி தேர்வானதும் டிராப்டோர்கள் படிப்படியாக ஓய்வுபெற்றன. நியூயார்க்கின் ஃபிரான்சிஸ் பானர்மேன் போன்ற உபரி ஆயுத வணிகர்கள் அவற்றை மொத்தமாக ஏலம் எடுத்து, அச்சிட்ட விலைப்பட்டியல் வழியே சில டாலருக்கு விற்றார்கள். பானர்மேனிடம் சரக்கு எவ்வளவு பெருகியது என்றால், அதை வைப்பதற்கென்றே ஹட்சன் ஆற்றில் ஒரு தீவை வாங்கினார்.

மௌனப் படத்துக்குத் துப்பாக்கியின் ஓசை ஒரு பொருட்டே இல்லை. திரையில் சுட்டதற்கு ஒரே சான்று புகைதான். புகையில்லா மருந்து வந்துவிட்ட காலத்திலும் படக்குழுக்கள் கருமருந்தைக் கைவிடாததற்கு இதுவே காரணம். டி. டபிள்யூ. கிரிஃபித்தின் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' (1915) படத்தின் பீட்டர்ஸ்பர்க் முற்றுகைக் காட்சிகளில் புகைத்திரள்தான் போரின் பரப்பைக் காட்டுகிறது. கதாநாயகன் கொடிக்கம்பை எதிரியின் பீரங்கி வாயிலேயே செருகும் இடம் அதில் வருகிறது. கு கிளக்ஸ் கிளான் என்ற இனவெறிக் கும்பலை வீரர்களாகப் போற்றும் படம் அது. போர்க்காட்சிகளின் திறமை அந்தக் கறையைக் கழுவாது.

ஆயுதத்தைக் கதாபாத்திரமாகவே ஆக்கியவர் பஸ்டர் கீட்டன். 1862-இல் நடந்த ஆண்ட்ரூஸ் ரயில் கடத்தலைத் தழுவிய 'தி ஜெனரல்' (1926) படத்தை ஒரிகன் மாநிலத்தின் காட்டேஜ் குரோவ் ஊரில் எடுத்தார். மாநில தேசியக் காவல்படையினர் சுமார் 500 பேர் வந்தார்கள். வடபடையின் நீல உடையில் ஒரு பக்கம் ஓடியவர்களே தென்படையின் சாம்பல் உடைக்கு மாறி எதிர்ப்பக்கம் ஓடி, இரு படைகளாகவும் நடித்தார்கள். வெற்றுத் தோட்டா தீங்கற்றது என்ற எண்ணம் அங்கே பொய்த்தது: உதவி இயக்குநர் ஒருவரின் முகத்தில் அது பட்டது.

அந்தப் படத்தின் மறக்க முடியாத ஆயுதம் ரயில் பெட்டியில் ஏற்றிய குட்டைக் குழல் பீரங்கி. கைப்பிடியளவு மருந்து போட்டதும் குண்டு முன்னே போகாமல் கீட்டனின் எஞ்சினுக்குள்ளேயே விழுகிறது. அடுத்தமுறை டப்பா மருந்து முழுவதையும் கவிழ்க்கிறார். இப்போது பீரங்கியே தலை தாழ்ந்து அவரைக் குறிபார்க்கிறது! தண்டவாளம் வளைவதால்தான் அவர் தப்புகிறார். முதல் குண்டு சரியான இடத்தில் விழ, மருந்தை மணிமணியாக எண்ணிப் போட்டதாகக் கீட்டன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆண்ட்ரூஸ் கடத்தலில் இப்படியொரு பீரங்கி கிடையாது. ஆனால் கற்பனையும் அல்ல. 1864-இல் பீட்டர்ஸ்பர்க்கில் 'டிக்டேட்டர்' என்ற 13 அங்குலப் பீரங்கியை வடபடையினர் ரயில் மேடையில் ஏற்றிச் சுட்டார்கள். அதன் எடை 7 டன்னுக்கு மேல். என் கணிப்பில், ஆயுதத்தின் இயங்குமுறையையே நகைச்சுவையாக்கியதில் இக்காட்சிக்கு நிகர் மௌனப் படங்களில் அரிது.

1920-ஐ ஒட்டி, முன்னாள் படைவீரரான ஸ்டெம்பிரிட்ஜ், இயக்குநர் செசில் பி. டெமிலின் ஆதரவுடன் ஹாலிவுட்டில் ஆயுத வாடகைக் கடையைத் தொடங்கினார். அதன்பின் படக்குழுக்கள் தாமே வாங்கிச் சேர்க்கும் தேவை குறைந்தது.

பழைய படத்தில் டிராப்டோரை அடையாளம் காண விரும்புவோர் குழலையும் மரத்தையும் பிணைக்கும் இரும்பு வளையங்களை எண்ணலாம். 1861 மாதிரிக்கு மூன்று, 1873-க்கு இரண்டு. இடையில் வந்த 1866 மாதிரிக்கும் மூன்று வளையம் உண்டு என்பதால், சுத்திக்கு அருகே மூடியின் கீல் தெரிகிறதா என்றும் பாருங்கள்.