மூச்சுக் காற்றே சாட்சி

இழுப்பு நோய் மனிதகுலத்திற்குப் புதிதன்று. 'ஆஸ்த்மா' என்னும் சொல்லே பண்டைய கிரேக்க மொழியில் மூச்சு வாங்குதலைக் குறித்ததாகும். ஆயினும் இந்நோயின் மூலம் யாது என்ற வினாவுக்கு விடைகாண மேனாட்டு மருத்துவர்கள் நெடுங்காலம் இடர்ப்பட்டனர்.

1860-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ஹென்றி ஹைட் சால்ட்டர் இந்நோயைப் பற்றிப் பெரியதொரு நூல் வெளியிட்டார். அவரே இழுப்பினால் அவதியுற்றவர். நரம்பின் தூண்டுதலால் மூச்சுக்குழாய்த் தசைகள் இறுகிக் கொள்வதே நோய் என்பது அவர் கொள்கை. தசை இறுகுவது உண்மைதான். ஆனால் 'நரம்பு நோய்' என்ற பேச்சு நாளடைவில் 'மன நோய்' என்று திரிந்துவிட்டது. 1941-இல் சிக்காகோ நகரத்து உளநூலார் சிலர், குழந்தையின் இழுப்பைத் தாயை நோக்கி எழும் அடக்கப்பட்ட அழுகை என்றே விளக்கினர். பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது பழி தாயின் தலையில் விழுந்தது! மறுத்துக் காட்டத் தக்க சான்று அவள் கையில் இல்லை.

அச்சான்று வேறொரு திசையிலிருந்து வந்தது. நாம் உயிர்வாழத் துணைசெய்யும் பிராணவாயுவே உடலுக்குள் சில வேளை முரட்டு வடிவம் கொள்கிறது. கிருமிகளைக் கொல்ல வெள்ளணுக்கள் 'சூப்பராக்சைடு' என்னும் அத்தகைய பொருளை உண்டாக்குகின்றன. அதனை அடக்கும் நொதியை 1969-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்டு, பிரிடோவிச் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். முரட்டுப் பொருள்கள் மிகுந்து, அடக்கும் ஆற்றல் குறைந்துவிடும் நிலையே 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்'. அப்பெயர் 1985-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்முட் சீஸ் என்பவரால் நிலைபெற்றது.

இழுப்பு நோயாளியின் மூச்சுக்குழாய்களில் அழற்சி ஓயாது புகைந்துகொண்டிருக்கிறது. அப்புகைச்சலின் தடயத்தை வெளிவிடும் மூச்சிலேயே தேடலாமென்று ஆராய்ச்சியாளர் துணிந்தனர். 1991-இல் ஸ்டாக்ஹோம் நகரில் குஸ்டாப்சன் குழுவினர், மனிதரின் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு இருப்பதைக் கண்டனர். மோட்டார் வண்டிப் புகையில் உள்ள அதே வாயு! இரண்டாண்டு கழித்து அந்நகரத்தாரே, ஆஸ்த்மா உடையோர் மூச்சில் அது இரண்டு மூன்று மடங்கு மிகுந்திருப்பதை அறிவித்தனர். இவ்வாயு சூப்பராக்சைடுடன் கூடினால் இன்னும் கொடிய பொருளாகிறது.

வேறொரு முறையும் உண்டு. மூச்சைக் குளிர்ந்த குழாயில் செலுத்தினால் பனித்துளிபோல் நீர் படியும். அந்நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடும், கொழுப்பு சிதைவதால் உண்டாகும் ஐசோபிராஸ்டேனும் ஆஸ்த்மா நோயாளரிடம் மிகுதியாகக் காணப்பட்டன. எனினும் அளவு மிக நுண்ணியது. கைக்குக் கை மாறுபடுவது. ஆகவே அது சோதனைச் சாலையைவிட்டு அதிகம் வெளிவரவில்லை.

மருத்துவமனைக்குள் நுழைந்தது நைட்ரிக் ஆக்சைடு சோதனையே. 2011-இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் அளவு வகுத்தது: வயது வந்தோரின் மூச்சில் நூறு கோடியில் 25 பங்குக்குக் குறைந்தால் தாழ்வு, 50-க்கு மேற்பட்டால் உயர்வு. உயர்ந்தவர்க்கு ஸ்டீராய்டு மருந்து பயன் தரும் என எதிர்பார்க்கலாம். ஆனால் புகைப்பிடிப்போரிடம் இவ்வளவு தாழும். மூக்கு ஒவ்வாமை உடையோரிடம் ஆஸ்த்மா இன்றியே ஏறும். ஒற்றைச் சாட்சியை நம்பித் தீர்ப்புக் கூறலாகாது என்பதை மருத்துவர் அறிவர்.

அழுத்தமே மூலமாயின் அதை அடக்கும் சத்தினைக் கொடுத்தால் நோய் தீராதோ? இவ்வெண்ணத்தால் லண்டனில் ஆஸ்த்மா நோயாளர்க்குச் செலினியம் கொடுத்துப் பார்த்தனர். 2007-இல் முடிவு வெளியாயிற்று. வெற்று மாத்திரை உண்டோரைவிட அவர்கள் நலம் மேம்படவில்லை.