சீனி ஆலையும் சீனக் கோயிலும்

கடல் கடந்தவன் கதை நமக்குப் புதிதன்று. இராயபுரத்துப் படகோட்டிகளின் உழைப்பிலே தூய பேதுரு தேவாலயம் எழுந்தது. சென்னைத் துறைமுகத்திலே கப்பலேறிய கூலித் தமிழன், சென்ற சீமையிலே மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினான். வாழ வழியின்றிப் புறப்பட்டவன், வழிபாட்டை மட்டும் மூட்டையிலே கட்டிக்கொண்டு போனான். அதே கதையைத்தான் கல்கத்தாவுக்குத் தெற்கே, ஊக்ளி ஆற்றங்கரையிலுள்ள அச்சிப்பூரும் சொல்கிறது. கதாநாயகன் மட்டும் சீனன்!

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்காளம் வந்தார் அச்சியூ என்ற சீனர். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அவருக்கு நிலம் வழங்கினார். கரும்பு பயிரிட்டார், ஆலை அமைத்தார், தாயகத்திலிருந்து தொழிலாளரை வரவழைத்தார். சர்க்கரையைச் சீனி என்கிறோமே, அந்தச் சொல்லே சீனத்தின் நினைவைச் சுமந்து நிற்பதன்றோ!

சில ஆண்டுகளில் அச்சியூ மறைந்தார், ஆலையும் நிலைக்கவில்லை. ஊருக்கு அவர் பெயர் எஞ்சியது. ஆற்றோரத்திலே செந்நிறக் கல்லறை எஞ்சியது. மண்ணின் தெய்வத்துக்கு ஒரு கோயில் எஞ்சியது. சீனப் புத்தாண்டையொட்டிக் கல்கத்தாச் சீனர் இன்றும் அங்கே சென்று ஊதுவத்தி ஏற்றுகின்றனர்.

கல்கத்தாவில் குடியேறிய சீனர் தச்சராயினர், செருப்புத் தைத்தனர், டாங்கிராவில் தோல் பதனிட்டனர். தோல் தொழிலைத் தீட்டென்று ஒதுக்கிய சாதிச் சமுதாயம், அவர்கள் தைத்த செருப்பைக் காலில் அணியத் தயங்கிற்றா? இல்லை! தோல் தீட்டு, செருப்பு தீட்டல்ல. இதுவன்றோ வைதிகத்தின் தர்க்கம்!

1962-இல் எல்லைப் போர் மூண்டது. ஏறத்தாழ 3,000 சீன வம்சாவளியினர் விசாரணையின்றி இராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். முதியோர் இருந்தனர், தாய்மார் இருந்தனர், பள்ளிச் சிறுவர் இருந்தனர். இந்த மண்ணிலேயே பிறந்தவர் பலர். சிலருடைய சிறைவாசம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. மண்ணின் தெய்வத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தொழுதவர்க்கு, மண்ணின் உரிமை கிட்டவில்லை. கோயில் நின்றது, கும்பிட்டவன் கைதியானான்.

தோழர்களே! இலங்கையிலே 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியபோது நாம் துடித்தோம். 1964 உடன்பாடு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபோது, மனிதன் என்ன மூட்டையா என்று கேட்டோம். நியாயமான துடிப்பு, நேர்மையான கேள்வி. ஆனால் தேயிலை பறித்த தமிழச்சிக்காகக் கேட்ட அதே கேள்வியை, செருப்புத் தைத்த சீனனுக்காகவும் கேட்டோமா?

அச்சிப்பூர் செல்வோர் கோயிலைக் காணட்டும்; அதன் பழமையை வியக்கட்டும். ஆனால் கும்பிடுவதற்காக நாம் அங்கே செல்ல வேண்டியதில்லை. உழைத்தவனுக்கே ஊர் சொந்தம் என்ற உண்மையை அந்தக் கல்லறையருகே நின்று எண்ணிப் பார்த்தால், அதுவே போதும்.