சின்னசேலம் மேலே, சிறுவங்கூர் கீழே

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல். அதன் ஊர்ப்பெயர்களை அகரவரிசையில் அடுக்க நண்பன் பைத்தானில் நாலு வரி நிரல் எழுதித் தந்தான். ஓட்டிப் பார்த்தால் சின்னசேலம் மேலே, சிறுவங்கூர் கீழே. "டேய், ற-வுக்கு அப்புறம்தானேடா ன?" என்றேன். "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது" என்றான். பண்ணவில்லைதான். அதற்குக் கொடுத்த வரிசையே அப்படி.

யூனிகோடில் தமிழுக்கு 128 கட்டங்கள். க-வுக்கு அடுத்த மூன்று கட்டங்கள் காலி, அப்புறம்தான் ங. அந்த மூன்றும் இந்தியில் உள்ள மற்ற ககரங்களுக்கான இடம். வராத விருந்தாளிக்கு இலை போட்ட மாதிரி. ன போய் ந-வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, ற ர-வுக்குப் பக்கத்தில். ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னால்.

இதில் யாருடைய வன்மமும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. 1980-களில் இந்திய மொழிகளைக் கணினியில் ஏற்றியவர்கள் எல்லா எழுத்துக்கும் பொதுவாக ஒரே குறியீட்டைத் தேடினார்கள். எண் ஒன்றாக இருந்தால், இந்தியில் அடித்த பெயரை அப்படியே தமிழ் எழுத்தில் காட்டிவிடலாம். நல்ல யோசனைதான். ஆனால் அளவுச் சட்டமாக வைத்தது தேவநாகரியை. அதுதான் இஸ்கி. அதன் 1988 வடிவத்தை ஒட்டியே 1991-இல் யூனிகோட் வந்தது.

ட்வெர்ஸ்கியும் கானமனும் 1974-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சக்கரம் வருகிறது. சுற்றினால் 10-இல் அல்லது 65-இல் மட்டும் நிற்கும். பிறகு ஒரு கேள்வி: ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம்? 10-ஐப் பார்த்தவர்களின் விடை நடுமதிப்பில் 25, 65-ஐப் பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. முதலில் கண்ணில் பட்டது நங்கூரம் போட்டுவிடுகிறது. அப்புறம் கொஞ்சம் தள்ளிப் போகிறோம், அவ்வளவே.

வடிவமைப்பவருக்கு முதல் மாதிரிதான் அந்தச் சக்கரம். "இந்தச் சட்டத்தில் தமிழுக்கு எது வேண்டாம்?" என்று கேட்டால் கிடைப்பது காலிக் கட்டங்கள். "தமிழ் எழுத்து எப்படி இயங்குகிறது?" என்று தொடங்கியிருந்தால் க் முதலில் வந்திருக்கும். நம் இலக்கணத்தில் க் அடிப்படை, அதோடு அ சேர்ந்தால் க. குறியீட்டில் தலைகீழ்: க அடிப்படை, அதன்மேல் புள்ளி வைத்தால் க். ஒற்றை எழுத்துக்கு இரண்டு எண்கள்.

புள்ளிக்கு இது புதிதும் இல்லை. ஓலையில் குத்தினால் கிழியும் என்று ஏடு எழுதியவர்கள் அதை விட்டுவிட்டார்கள். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானபோது உலோக எழுத்து, காகிதம். கிழிய எதுவுமில்லை. ஆனாலும் புள்ளி வரவில்லை. அச்செழுத்து வெட்டியவர்களுக்கு முன்னால் இருந்த மாதிரி ஏட்டுக் கையெழுத்து!

தமிழக அரசு 2010-இல் டேஸ்16 என்ற மாற்றுக் குறியீட்டையும் அங்கீகரித்தது. யூனிகோடில் ஒரு எழுத்துக்குக் கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை என்பது விதி. அதனால் சரியான வரிசையைத் தனி அட்டவணையாக மேலே வைத்துச் சமாளிக்கிறார்கள். நண்பனும் அதைத்தான் செய்தான். நாலு வரி நிரல் இருபது வரியானது. சிறுவங்கூர் மேலே ஏறியது.